ரத்தத்தில் கால்சியம் கூடினால் என்ன ஆகும்? வைட்டமின் டி மாத்திரையில் நடக்கும் தவறு

"கால் உளையுது, உடம்பெல்லாம் வலிக்குது" என்று மருத்துவரிடம் போனால், வைட்டமின் டி மாத்திரைச் சீட்டோடு திரும்புவது இன்று சர்வசாதாரணம். வழக்கமான சீட்டு இதுதான்: 60,000 யூனிட் மாத்திரை, வாரத்துக்கு ஒன்று, 8 வாரம்.

அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு தினமும் ஒன்று போட்டால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போடலாம். சரியாகச் சாப்பிட்டால் 8 மாத்திரை, மொத்தம் 4.8 லட்சம் யூனிட். தினமும் சாப்பிட்டால் 56 மாத்திரை, 33.6 லட்சம் யூனிட். இதோடு 6 லட்சம் யூனிட் ஊசியும் சேர்ந்தால், அந்த ஒரு ஊசியே பத்து மாத்திரைக்குச் சமம்.

வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. வைட்டமின் சி மாதிரி மிச்சம் சிறுநீரில் போய்விடாது. உடலிலேயே தங்கி, குடலில் இருந்து கால்சியத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மாத்திரையை நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இந்தப் பாதிப்பு நீடிக்கும்.

எவ்வளவு இருந்தால் அதிகம்?

உடலின் கால்சியத்தில் சுமார் 99% எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இயல்பு (ஆய்வகத்துக்கு ஆய்வகம் கொஞ்சம் மாறும்). 14-ஐத் தாண்டினால் அவசர சிகிச்சை தேவை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் குறைந்திருந்தால், கால்சியமும் குறைவாகத் தெரியும். ரிப்போர்ட்டில் கால்சியம் 10.2, அல்புமின் 2.5 என்று இருந்தால், திருத்திய அளவு 11.4. "நார்மல்தானே" என்று நாம் மடித்து வைக்கும் ரிப்போர்ட் உண்மையில் நார்மல் இல்லை!

வேறு என்ன காரணங்கள்?

வைட்டமின் டி தவிர்க்கக்கூடிய காரணம் என்பதால் அதில் தொடங்கினோம். ஆனால், கால்சியம் உயர்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் இரண்டே இரண்டு: பாராதைராய்டு சுரப்பிக் கோளாறு, அல்லது புற்றுநோய்.

பாராதைராய்டு என்பது கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் இருக்கும் நான்கு சுரப்பிகள். கால்சியத்தைக் கட்டுக்குள் வைப்பது இவற்றின் வேலை. பெரும்பாலும் இவற்றில் ஒன்றில் வரும் சாதாரணக் கட்டி, ஹார்மோனை அதிகம் சுரந்து எலும்பைக் கரைக்கும். மேலை நாடுகளில் இது வழக்கமான ரத்தப் பரிசோதனையிலேயே, அறிகுறி வரும் முன் பிடிபடுகிறது. இந்தியாவிலோ எலும்பு முறிவு, சிறுநீரகக் கல் என்று முற்றிய பிறகு வருபவர்கள் இன்னும் அதிகம்.

காசநோய், சார்காய்டோசிஸ், ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் தையசைடு வகை மாத்திரை, லித்தியம் ஆகியவையும் காரணமாகலாம். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் கால்சியம்தான். ஓயாமல் வெற்றிலை பாக்கு போடுபவர்களுக்கு கால்சியம் உயர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

அறிகுறிகள் ஏன் ஏமாற்றுகின்றன?

மலச்சிக்கல், பசியின்மை, அசதி, அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம். இதில் எதைச் சொன்னாலும் "வயசாயிடுச்சுல்ல" என்றோ "சுகரா இருக்கும்" என்றோதான் வீட்டில் பதில் வரும். பெரியவர்களுக்குத் திடீரென வரும் குழப்பத்தை மறதி நோய் என்று நினைத்துவிடுவதும் உண்டு.

கால்சியம் கூடும்போது சிறுநீரகத்தால் நீரைத் தக்கவைக்க முடியாது. உடல் வறளும். வறண்டால் கால்சியம் இன்னும் ஏறும். அளவு மிகவும் உயர்ந்தால் இதயத் துடிப்பு தடுமாறி, கோமா வரைகூடப் போகலாம்.

சிகிச்சை என்ன?

அதனால்தான் முதல் சிகிச்சை சலைன். கால்சிடோனின் ஊசி சில மணி நேரத்தில் வேலை செய்யும், ஆனால் இரண்டு நாளில் அதன் வீரியம் குறையும். சோலட்ரோனிக் ஆசிட் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு நாள் ஆகும், பலன் நீடிக்கும். இதனால் இரண்டையும் சேர்த்துத் தருவது உண்டு. வைட்டமின் டி-யால் வந்தால் ஸ்டீராய்டு உதவும். சிறுநீரகம் செயலிழந்தால் டயாலிசிஸ். பாராதைராய்டு கட்டி என்றால் அறுவை சிகிச்சையே நிரந்தரத் தீர்வு.

பாலை நிறுத்தினால் போதாதா? பாராதைராய்டு கோளாறில் கால்சியம் முக்கியமாக எலும்பிலிருந்து வருகிறது. பாலை நிறுத்தினால் எலும்புக்குத்தான் நஷ்டம். வைட்டமின் டி அதிகமானவர்கள் மட்டும், மருத்துவர் சொல்லும்வரை கால்சியத்தைக் குறைக்க வேண்டியிருக்கும்.

கால்சியம் அதிகம் என்று ரிப்போர்ட் வந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது பாராதைராய்டு ஹார்மோன் அளவு. மருத்துவரிடம் போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். மருந்துக்கடையில் நீங்களே வாங்கிய "சத்து மாத்திரை"யும் அதில் சேர்த்திதான்.