கட்டியே இல்லாத நீர்க்கட்டி

எங்க சோமனூர்ப் பக்கம் இதுக்குப் பேரு "கர்ப்பப்பை நீர்க்கட்டி". இருக்கிறது கர்ப்பப்பையில இல்லைங்க, சினைப்பையில. அது கட்டியும் இல்லை. ரெண்டே வார்த்தைப் பேரு, ரெண்டும் தப்பு :-) இங்கிலீஷ் பேரும் அப்படித்தான். பாலிசிஸ்டிக்னு பேரு வெச்சிருக்காங்க, ஆனா உள்ளே இருக்கிறது சிஸ்ட் இல்லை. பாதி வளர்ந்து நின்னு போன, முட்டை இருக்கிற சின்னச் சின்ன நுண்ணறைகள். பழைய கோடுல எவனோ ஒருத்தன் வேரியபிளுக்குத் தப்பா பேரு வெச்சுட்டுப் போயிட்டா, பின்னாடி வர்றவங்க அந்தப் பேரை நம்பியே பக் தேடுவாங்க இல்லையா? இங்கேயும் அதேதான் நடந்திருக்கு.

போன மாசம் எனக்கும் இது இருக்குன்னு ரிப்போர்ட் வந்துச்சு. அதுக்கப்புறம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து படிச்சதுதான் இது.

1721-ல இத்தாலியில அந்தோனியோ வல்லிஸ்னேரின்னு ஒரு மருத்துவர் எழுதி வெச்ச குறிப்புல இருந்து ஆரம்பிக்கிறாங்க. கல்யாணமாகிக் குழந்தை இல்லாத ஒரு விவசாயப் பெண். கொஞ்சம் பருமன். அவளோட சினைப்பைகள் வெள்ளையா, பளபளன்னு, புறா முட்டை அளவுக்கு இருந்துச்சாம். அவ பேரு என்னன்னு தெரியல, புறா முட்டை மட்டும் முன்னூறு வருஷமா நிக்குது.

அடுத்து 1935, சிகாகோ. இர்விங் ஸ்டெயின், மைக்கேல் லெவந்தால் ரெண்டு பேரும் 7 பெண்களைப் பத்தி ஒரு கட்டுரை போட்டாங்க. மாதவிடாய் வராம, சினைப்பை பெருத்துப் போய் இருந்தவங்க. அப்போ ஸ்கேன் கிடையாது. வயித்தைத் திறந்து ஒவ்வொரு சினைப்பையிலும் பாதியில இருந்து முக்கால்வாசி வரைக்கும் ஆப்பு மாதிரி வெட்டி எடுத்தாங்க. படிக்கும்போதே அடிவயிறு கலங்குது. ஆனா 7 பேருக்கும் மாதவிடாய் திரும்ப வந்துச்சு, 2 பேர் கர்ப்பமானாங்க. ரொம்ப வருஷம் இதுக்கு ஸ்டெயின்-லெவந்தால் நோய்னுதான் பேரு. 1967-ல அமெரிக்காவுல க்ளோமிஃபீன் மாத்திரைக்கு அனுமதி கிடைச்ச பிறகுதான் கத்திக்கு வேலை குறைஞ்சுது.

சரி, மேட்டருக்கு வருவோம். எனக்கு எழுதிக் கொடுத்தது மெட்ஃபார்மின். அம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்துட்டு, "இது உங்கப்பா போடுற சக்கரை மாத்திரை ஆச்சே கண்ணு, உனக்கெதுக்கு?"ன்னாங்க. நல்ல கேள்விதான். அவங்களுக்கு முன்னாடி இந்தச் சந்தேகம் வேற ஊர்லயும் வந்திருக்கு. 1921-லயே பிரான்சுல அஷார், தியேர்னு ரெண்டு பேர் "தாடி வெச்ச பெண்களின் நீரிழிவு"ன்னு எழுதினாங்க. அந்த நூலை யாரும் சரியா இழுத்துப் பார்க்கல. 1980-லதான் அமெரிக்க ஆய்வு ஒண்ணு, இந்தப் பெண்களுக்கு இன்சுலின் கூடுதலா இருக்கு, அது கூடக் கூட ஆண் ஹார்மோனும் கூடுதுன்னு காட்டுச்சு. உடம்பு இன்சுலின் பேச்சைக் கேக்காதப்போ கணையம் இன்னும் அதிகமா ஊத்துது. சினைப்பை மட்டும் அந்தப் பேச்சை நல்லாக் கேட்டு ஆண் ஹார்மோனை உண்டாக்குது. முட்டை பாதியில நிக்குது, முகத்துல முடி வருது. 1989-ல ஆண்ட்ரியா டுனைஃப் குழு, ஒல்லியா இருக்கிற பெண்களுக்கும் இந்த இன்சுலின் தகராறு உண்டுன்னு நிரூபிச்சாங்க. "நீ ஒல்லிதானே, உனக்கெல்லாம் எப்படி?"ன்னு கேட்ட அத்தைமார்களுக்கு இது சமர்ப்பணம். 1994-ல வெனிசுலாவுல மெட்ஃபார்மின் கொடுத்துப் பார்த்தாங்க. சக்கரை மாத்திரை எங்க வீட்டுல ரெண்டாவது டப்பாவுக்கு வந்த வழி இதுதான்.

அப்புறம் யாருக்கு இது இருக்குன்னு எப்படிச் சொல்றதுங்கிற சண்டை. 1990-ல அமெரிக்காவுல ஒரு வரையறை வெச்சாங்க, ஸ்கேன் அதுல இல்லவே இல்லை. 2003-ல ராட்டர்டாம்ல கூடி, ஒழுங்கில்லாத மாதவிடாய், கூடுதல் ஆண் ஹார்மோன், ஸ்கேன்ல தெரியிற நுண்ணறைகள், இந்த மூணுல ரெண்டு இருந்தாப் போதும்னாங்க. இது சும்மா ஏட்டுச் சண்டை இல்லைங்க. 2024-ல வந்த ஒரு இந்திய ஆய்வு 18-ல இருந்து 40 வயசுப் பெண்களைப் பார்த்துச்சு. 1990 அளவுகோல்ல 7.2 சதவீதம், ராட்டர்டாம் அளவுகோல்ல 19.6 சதவீதம். அதே பெண்கள்தான். ரெண்டாவது வரையறையில மட்டும் மாட்டினவங்க எத்தனை வீட்டுல "பொண்ணு பார்க்க வர்றவங்ககிட்டச் சொல்லிராதே"ங்கிற பேச்சு நடந்திருக்கும்! எங்க தெருவுல தறிச் சத்தத்துக்கு நடுவுலயும் இந்தப் பேச்சை மட்டும் குரல் தாழ்த்தித்தான் பேசுவாங்க. கூடவே "கல்யாணம் ஆனா எல்லாம் செரியாப் போயிரும்" வேற. இன்சுலினுக்குத் தாலி தெரியுமாக்கும்.

நம்ம நாட்டுக் கதை ஒண்ணு பாக்கி. லெட்ரோசோல்னு ஒரு மாத்திரை. மார்பகப் புற்றுநோய்க்கு வந்தது, முட்டை வளரவும் உதவுச்சு. 2011 அக்டோபர்ல இந்திய அரசு, குழந்தையின்மைக்கு இதைக் கொடுக்கக் கூடாதுன்னு தடை போட்டுச்சு. காரணம் இல்லாமலும் இல்லை, அனுமதி கொடுத்த விதத்தையே 2012-ல நாடாளுமன்ற நிலைக்குழு கேள்வி கேட்டுச்சு. ஆனா 2014-ல அமெரிக்காவுல 750 பெண்களை வெச்சு நடந்த சோதனையில குழந்தை பிறந்தது லெட்ரோசோல்ல 27.5 சதவீதம், க்ளோமிஃபீன்ல 19.1. அதுக்கப்புறம் தடை விலகுச்சு. 2018-ல வந்த சர்வதேச வழிகாட்டுதல், இந்தப் பிரச்சினையில குழந்தைக்காக சிகிச்சைக்கு வர்றவங்களுக்கு முதல்ல கொடுக்க வேண்டிய மாத்திரை லெட்ரோசோல்தான்னு எழுதிருச்சு. தடை இருந்த வருஷங்கள்ல முப்பத்தஞ்சைத் தாண்டினவங்க அடுத்த சுற்று க்ளோமிஃபீனுக்கு வரிசையில உட்கார்ந்திருந்தாங்க.