ஆற்றுப்படையும் சஃபாரியும்: கழுவேலியை முன்வைத்து

சஃபாரி என்பது கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழிச் சொல். பயணம் என்பதே அதன் பொருள். 'சஃபர்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து அது பிறந்தது. நம் ஊர் 'சவாரி' காதுக்கு அதன் உறவு போலத் தோன்றினாலும், அது பாரசீகத்திலிருந்து வந்த வேறொரு சொல். சிங்கத்தையும் யானையையும் பார்க்கப் போவதுதான் சஃபாரி என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. முதலில் அது சுமைதூக்கிகள் வரிசையாக நடந்து சென்ற வணிகப் பயணத்தின் பெயர்.

பல நாள் நீளும் ஒரு காட்டுப் பயணத்துக்கு முன்கூட்டி அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. எந்த வழி, எந்த மாதம், எங்கே தண்ணீர், யார் வீட்டில் சோறு என்பவை அவை. இவற்றை எழுதி வைத்த மிகப் பழைய தமிழ் நூல்களுள் ஒன்று இன்றைய திண்டிவனம், மரக்காணம் பகுதியைப் பற்றியது.

ஓய்மாநாட்டு வழிகாட்டி

இன்றைய விழுப்புரம் மாவட்டம் 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. சங்ககாலத்தில் திண்டிவனத்தைச் சுற்றிய நிலப்பகுதி ஓய்மாநாடு எனப்பட்டது. அதன் தலைவன் நல்லியக்கோடன். அவனது ஊரான கிடங்கில் இப்போது திண்டிவனம் நகருக்குள் ஒரு பகுதியாக இருக்கிறது. அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகள் கொண்டது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு மரக்காணத்துக்குச் சற்று வடக்கே கழிகளுக்கு நடுவே உள்ள நிலம். பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. புலவர் அந்தப் பகுதிக்காரர், வழி தெரிந்தவர்.

ஆற்றுப்படை என்றால் வழிப்படுத்துதல். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் வறிய பாணனுக்கு வழி சொல்கிறான். முதலில் கடற்கரையில் எயிற்பட்டினம், அடுத்து வேலூர், பிறகு ஆமூர், கடைசியில் கிடங்கில். எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று ஆய்வாளர் பலரும் கொள்வர். இங்கே சொல்லப்படும் வேலூர் பாலாற்றங்கரை வேலூர் அன்று. மரக்காணம் பக்கத்து உப்புவேலூரே அது என்பர் சிலர்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் என்ன கிடைக்கும் என்பதையும் பாணன் சொல்லிவிடுகிறான். எயிற்பட்டினத்தில் நுளைச்சியர் வடித்த கள்ளும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும். வேலூரில் எயினர் குடிப் பெண்கள் புளியிட்ட சூடான சோற்றோடு ஆமான் இறைச்சிச் சூட்டைத் தருவார்கள். ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோற்றுக்குத் துணையாக நண்டு வரும். திண்டிவனம் என்ற பெயரே 'திந்திரிணி வனம்', அதாவது புளியங்காடு என்பதன் திரிபு எனச் சொல்லப்படுவதால், வேலூர்ப் புளிச்சோற்றைப் படிக்கும்போது அந்த ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரக்கூடும்.

இந்த உணவுப் பட்டியலில் வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டியது ஆமான். காட்டுமாடு என்று அதைப் பொருள் கொள்கின்றனர். திண்டிவனத்துக்கும் கடலுக்கும் இடையே காட்டுமாடு வேட்டையாடி உண்ணும் அளவுக்குக் காடு இருந்தது, அல்லது அப்படிப் பாடினால் கேட்பவர் நம்பினர். இன்று காட்டுமாட்டைப் பார்க்க மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போக வேண்டும்.

பறவைக் குறிப்பும் இந்நூலில் உண்டு. மருதநிலப் பகுதியில் ஒரு மீன்கொத்தி வருகிறது. காஞ்சி மரக் கிளையில் ஏறி, ஆழமான மடுவை நெடுநேரம் பார்த்தபடி உட்கார்ந்திருந்து, பாய்ந்து கயலை எடுக்கிறது. அப்போது அதன் நகம் கீறித் தாமரை இலை வடுப்படுகிறது. 'நெடுநேரம்' என்பதை இருந்து பார்த்தவரே எழுத முடியும். பறவை நோக்குவோர் குறிப்பேட்டில் இன்று எழுதுவதும் ஏறத்தாழ இதுதான்.

ஒரே நூலில் இரு கடற்கரைகள்

எயிற்பட்டினத்துக் கரையில் அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள், படுத்து உறங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடந்தனவாம். ஓய்மாநாட்டுப் புலவருக்கு ஒட்டகம் எங்கே தெரிந்தது? துறைமுகம் இருந்ததே இதற்கு விடை.

கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒரு கிரேக்க மொழி வணிகர் எழுதிய 'எரித்திரியக் கடல் பெரிப்ளுஸ்' என்னும் கடல்வழி நூல், சோழமண்டலக் கரைத் துறைகளாகக் கமரா, பொதுகே, சோபட்மா ஆகிய மூன்றைக் குறிப்பிடுகிறது. பொதுகே என்பது புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு எனப்படுகிறது. சோபட்மாவைச் சோபட்டினம் என்று படித்து, சோ என்றாலும் எயில் என்றாலும் மதில் என்பதால் எயிற்பட்டினத்தோடு இணைப்பர். இதே நூல் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையையும் துறை துறையாக விவரிக்கிறது. அங்கே கடைசி வணிக நகரமாக அது சொல்வது ராப்தா. இன்றைய தான்சானியக் கரையில் எங்கோ இருந்த ஊர் அது. யானைத் தந்தமும் காண்டாமிருகக் கொம்பும் ஆமை ஓடும் அங்கிருந்து கப்பலேறின.

கானுயிர் அப்போது சரக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை அது மாறவில்லை. தந்தம் தேடி உள்நாட்டுக்குச் சென்ற சஃபாரிகளில் நியாம்வேசி இனத்துச் சுமைதூக்கிகள் பேர்போனவர்கள். துணி, பாசிமணி, பித்தளைக் கம்பி ஆகியவற்றைச் சுமந்து சென்று, வழியிலுள்ள தலைவர்களுக்குச் சுங்கமாகக் கொடுத்தபடி நடப்பார்கள். ஒரு நாள் நடை எவ்வளவு என்பதை அடுத்த நீர்நிலை தீர்மானித்தது. பிறகு துப்பாக்கி ஏந்திய செல்வர்களின் காலம். அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் மொம்பாசாவில் இறங்கி நடத்திய பயணத்தில் 11,000க்கும் மேற்பட்ட உயிரின மாதிரிகள் சேர்க்கப்பட்டன. அருங்காட்சியகத்துக்கு என்றுதான் சொன்னார்கள்.

ருவாஹாவும் நெல்வயலும்

சுட்டது போதும், பார்ப்போம் என்ற மாற்றத்தின் விளைவே தேசியப் பூங்காக்கள். ஆனால் பார்ப்பவருக்காக அங்கே வாழ்ந்தவர் வெளியேற வேண்டியிருந்தது. செரங்கெட்டி 1951இல் தேசியப் பூங்கா ஆயிற்று. 1959இல் மாசாய் மக்கள் அதை விட்டு ஙொரொங்கோரோ பக்கம் நகர்த்தப்பட்டனர்.

தான்சானியாவின் நடுத்தெற்கில் உள்ள ருவாஹா, 1964இல் அமைந்த பூங்கா. இரிங்கா நகரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டிய ஒதுக்குப்புறம் என்பதால், அங்கே செல்வோர் நாலைந்து நாளாவது தங்கத் திட்டமிடுவார்கள். சரியான காலம் ஜூன் முதல் அக்டோபர் வரை. கோடையில் மற்ற நீர்நிலைகள் வற்றும்போது விலங்குகள் எல்லாம் பெரிய ருவாஹா ஆற்றுக்கு வந்து சேரும்.

அந்த ஆறு வற்றாது என்பதுதான் கணக்கு. 1993 முதல் அது கோடையில் ஓட்டம் நின்று போகத் தொடங்கியது. மேலே உசங்குச் சமவெளியில் நெல்லுக்கு நீர் திருப்பப்பட்டது முக்கியக் காரணம். பழி முதலில் மாடு மேய்ப்போர் மேல் விழுந்தது. 2006, 2007இல் அவர்கள் உசங்கிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 2008இல் அந்தச் சதுப்புநிலம் பூங்காவோடு சேர்க்கப்பட, பரப்பு சுமார் 20,000 சதுர கிலோமீட்டர் ஆயிற்று. அதன் பிறகும் ஆறு பழைய நிலைக்குத் திரும்பிவிடவில்லை. நெல்லுக்கும் நீருக்கும் கணக்குப் பார்க்காமல் எல்லைக் கோட்டை மட்டும் நகர்த்தினால் ஆறு ஓடுமா?

வேடந்தாங்கல் ஏற்பாடு

திண்டிவனத்துக்கு வடக்கே, மதுராந்தகம் பக்கத்தில் உள்ள வேடந்தாங்கலில் நடந்தது வேறு கதை. அங்கே ஏரிப் பறவைகளை ஊரார்தான் காத்தார்கள். எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆங்கிலச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டார்கள். செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸ் 1798இல் அந்த உரிமையை ஏற்றுக் கொடுத்தார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. சரணாலயம் என்ற பெயர் 1936இல்தான் வந்தது. உழவரை வெளியேற்றாமல், உழவர் கேட்டு வந்த பாதுகாப்பு இது. சுமார் 30 ஹெக்டேர் ஏரிக்கு இவ்வளவு நீண்ட வரலாறு இருப்பது அதனால்தான் என்று கருத இடமுண்டு.

கழுவேலி

எயிற்பட்டினத்துப் பாணன் உள்நாட்டுக்குத் திரும்பும் வழியை ஒட்டியே கழுவேலி கிடக்கிறது. மரக்காணம், வானூர் வட்டங்களில் பரவிய இந்த ஈரநிலம் தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி என்று சொல்லப்படுகிறது. இடையன்திட்டு முகத்துவாரம், கடல்நீர் ஏறிவரும் உப்புக்கள்ளி ஓடை, நன்னீர் நிற்கும் உட்பகுதி என மூன்று முகங்கள் இதற்கு. 2021 டிசம்பரில் 5,151.60 ஹெக்டேர் பரப்பு தமிழ்நாட்டின் 16ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் வான்வழியில் இது ஒரு தங்கல். இங்கே பயணத் திட்டம் ருவாஹாவுக்கு நேர்மாறு. அங்கே வறட்சியில் போக வேண்டும். இங்கே மழைக்குப் பின். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் ஏரியை நிரப்பும். மழையின் நடுவே வருவது அறிவுடைமை அன்று. 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தை, மாசியில் நீர் வடிந்து விளிம்புகள் ஆழம் குறையும்போதுதான் பூநாரையும் உள்ளான்களும் கால் ஊன்றி மேய இடம் கிடைக்கும். சித்திரைக்குள் உட்பகுதி பெரும்பாலும் காய்ந்துவிடும்.

திண்டிவனத்தில் தங்கினால் மூன்று, நான்கு விடியல்கள் வேண்டும். முகத்துவாரத்துக்கும் உப்பளத்துக்கும் ஒன்று, நன்னீர்ப் பகுதிக்கு ஒன்று, கூடு கட்டும் பறவைகளுக்காக வேடந்தாங்கலுக்கு ஒன்று. மிச்ச நாளில் திருவக்கரைக்குப் போகலாம். கல்லாக மாறிய மரங்கள் அங்கே கிடக்கின்றன. 1781இலேயே பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா அவற்றைக் குறித்து வைத்தார்.

கழுவேலிக்கு வரும் நன்னீர் சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பி வழிந்த உபரி. அந்த ஏரிகள் நெல்லுக்காக வெட்டப்பட்டவை. வரத்துக் கால்வாய் தூர்ந்தாலோ ஆக்கிரமிக்கப்பட்டாலோ சரணாலய அறிவிப்பால் மட்டும் நீர் வந்துவிடாது. ஆகவே பறவை பார்க்க நாள் குறிப்பவர், கார்த்திகைக் கடைசியில் அந்தப் பக்கத்து உழவர் யாரையாவது கேட்பது நல்லது. ஏரி கோடி போயிற்றா என்று கேட்டால் போதும், அவர் சொல்லிவிடுவார்.