உறையூர்த் துகிலும் பருத்திப் பெண்டிரும்

தமிழகத்து வேனிலின் வெம்மைக்கு ஏற்ற உடை பருத்தி நூலால் இயன்ற மென்துகிலேயாம். இழை நுண்ணிதாகி, நெசவும் செறிவு குறைந்து அமையுமாயின், காற்று ஆடையின் ஊடே சென்று வரும். பருத்தியும் வியர்வையை ஈர்க்கும். இத்தகைய துகிலைப் பண்டைத் தமிழர் உடுத்தனர் என்பதும், யவனர் கடல் கடந்து வந்து கொண்டு சென்றனர் என்பதும் பலரும் அறிந்தனவே. எனினும், அத்துகிலின் நுண்மை யாருடைய கைத்திறத்தால் விளைந்தது என்னும் வினா போதிய அளவில் ஆராயப்பெறவில்லை. அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அர்கருத் துகில்

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற 'எரித்திரையக் கடற்பயண நூல்' சோழநாட்டுக் கரையைக் கூறுமிடத்து 'அர்கரு' என்னும் உள்நாட்டு நகரைச் சுட்டி, அதன் பெயரால் வழங்கிய மென்துகில்கள் ஏற்றுமதியாயின என்று குறிக்கின்றது. அந்நகரை உறையூர் என்றே அறிஞர் பெரும்பாலோர் கொள்வர். ஒரு துணிக்கு ஊரின் பெயரே பெயராய் அமைந்தமை, அத்துணி அயல்நாட்டுச் சந்தையில் தனித்து அறியப்பட்டமைக்குச் சான்றாகும்.

உறையூருக்கு வடக்கே செட்டிகுளம் முதலாய ஊர்களை உள்ளிட்ட பெரம்பலூர், அரியலூர் நிலப்பகுதி பரந்து கிடக்கின்றது. 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் கூறாய் இருந்த இந்நிலத்தின் கரிசற் பகுதிகளில் பருத்தி இன்றும் விளைகின்றது. வணிகரையும் நீர்நிலையையும் ஒருங்கே நினைவூட்டும் செட்டிகுளம் என்னும் ஊர்ப்பெயரும் ஈண்டு நோக்கத்தக்கது. துறைமுகத்தையும் தலைநகரையும் மட்டும் கண்டு அமைதல் துகிலின் வரலாறு ஆகாது. பஞ்சு விளைந்த நிலத்தையும் அதனை நூலாக்கிய இல்லத்தையும் காணுதல் வேண்டும்.

2. பொருநன் உடுத்த அறுவை

மென்துகிலை முதன்முதலாக உடுத்தான் ஒருவனின் வியப்பைப் பொருநராற்றுப்படை காட்டுகின்றது. உறையூரைச் சிறப்பித்தவன் எனப் பட்டினப்பாலை கூறும் கரிகாலனே அப்பாட்டின் தலைவன். அவனைக் காணச் சென்ற பொருநனின் உடை ஈரும் பேனும் குடியிருந்த கந்தல், வியர்வையால் நனைந்தது, வேற்று நூல் இட்டுத் தைக்கப்பெற்றது. அதனை நீக்கி மன்னன் அளித்த புத்தாடையோ, கண்ணின் பார்வை நுழைந்து இழையைப் பிரித்தறிய இயலாத நுண்மையும் பூவேலைப்பாடும் உடையதாய், பாம்பு உரித்த தோலை ஒத்திருந்தது. அவ்வறுவை உறையூரில் நெய்யப்பெற்றது என்று பாட்டுக் கூறவில்லை. ஆயினும், வியர்வையில் ஊறிய கந்தலை முன்னும் மெல்லிய அறுவையைப் பின்னும் வைத்த முறையால், உடையின் அருமையை அது உடுத்தானின் உடல்வழியே புலவர் உணர்த்தினார் எனலாம்.

பிற ஆற்றுப்படைகளும் இக்கருத்துக்கு அரண் செய்கின்றன. பெரும்பாணாற்றுப்படை கலிங்கத்தை ஆவிக்கு ஒப்பிடுகின்றது. மலைபடுகடாம் இழை ஓடும் வழி அறியப்படாத கலிங்கத்தைக் கூறுகின்றது. இவ்விடங்களில் பாராட்டப்பெறுவது பெரிதும் இழையின் நுண்மையே என்பது கருதற்பாலது. இழையை நுண்ணிதாக்குவது தறியன்று, நூற்கும் கையே.

3. நூற்றவர் யார்?

அக்கை யாருடையது என்பதற்குத் தொகைநூல்கள் விடை தருகின்றன. நற்றிணை 353-ஆம் பாட்டில் கபிலர், மலைமுகட்டில் தவழும் மழைமுகிலுக்கு, ஆடவர் துணையற்ற மகளிர் தம் முயற்சியால் செய்த நுண்ணிய பனுவலை உவமை ஆக்கினார். புறநானூற்று 125-ஆம் பாட்டில் வடமவண்ணக்கன் பெருஞ்சாத்தனார் 'பருத்திப் பெண்டு' என்னும் தொடரை ஆள்கின்றார். அதே தொடர் தங்கால் பொற்கொல்லனார் பாடிய 326-ஆம் பாட்டிலும் வருகின்றது. அங்கே, தூசும் செற்றையும் புடைத்து நீக்க இரவில் எழுந்தாள் ஒருத்தியின் சிறுவிளக்கொளியைக் கண்டு, காட்டுப்பூனைக்கு அஞ்சிய கோழி அச்சம் தணிகின்றது.

இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கின் சில உண்மைகள் பெறப்படும். நூற்றல் மகளிர் தொழில். கணவனை இழந்தார்க்கும் தமியராய் வாழ்ந்தார்க்கும் அது பிழைப்பு வழி. பகற்பொழுது போதாமையின் இரவிலும் அவர் உழைத்தனர். இராட்டையை ஐயமின்றிச் சுட்டும் பழைய இந்தியச் சான்று, 1350-இல் இசாமி இயற்றிய பாரசீகக் காவியமே என இர்பான் ஹபீப் காட்டியுள்ளார். எனவே, சங்ககால மகளிர் தக்களி கொண்டே நூற்றனர் எனக் கொள்ளலாம். தக்களியில் நூல் மெல்லவே வளரும். ஒரு தறிக்கு ஊடும் பாவும் தருதற்கு நூற்பார் பலர் வேண்டும். சிலப்பதிகாரம் மதுரை அறுவை வீதியில் காட்டும் பன்னூறு அடுக்குகளில் பருத்தியாடையும் உண்டு. அப்பருத்தியாடையின் பின்னே எண்ணற்ற இரவுகளின் உழைப்பு நின்றது என்பது மிகையன்று.

அகழாய்வும் இதற்குத் துணையாகின்றது. 1945-இல் அரிக்கமேட்டை அகழ்ந்த வீலர் அங்குக் கண்ட தொட்டிகளைத் துகிலுக்குச் சாயமிட்டவை எனக் கருதினார். பின்வந்தோர் அதனை ஐயுற்றனர். தொட்டியினும் சிறிதாய தக்களி வில்லை, கீழடி போன்ற ஊர்களில் நூற்பாரின் இருப்பைத் தெளிவாக அறிவிக்கின்றது. 1994 முதல் அகழப்பெற்ற எகிப்தின் பெரெனிகே துறைமுகத்திலோ, பருத்தித் துணிகள் பலவற்றை இந்தியாவினின்று வந்தவை எனப் பிரித்தறிய நூலின் முறுக்குத் திசை உதவிற்று. எகிப்தியர் ஒரு புறமும் இந்தியர் மறுபுறமும் முறுக்கினர். வணிகன் பெயரும் மன்னன் முத்திரையும் இல்லாத துணியிலும், நூற்றாளின் விரல் திரித்த திசை அழியாது நின்றது.

4. நூலும் பனுவலும்

தமிழில் 'நூல்', 'பனுவல்' என்னும் இரு சொற்களும் இழைக்கும் ஏட்டுக்கும் பொதுவாயின. பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் சொல்லைப் பஞ்சாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும், புலவனை நூற்கும் மகளாகவும் உருவகித்தார். இதனைச் சொல்நயமாகவே கொண்டு உரைப்பது வழக்கம். மேலே காட்டிய சான்றுகளின் ஒளியில் நோக்கின், இவ்வுருவகம் ஒரு சமுதாய உண்மையின் மேல் எழுந்தது என்பது விளங்கும். ஒப்பு நோக்கத் தக்க நுண்தொழிலாய் நூற்றல் மதிக்கப்பெற்றமையாலன்றோ புலவனுக்கு அவள் உவமை ஆயினாள்?

யவனர் நூல் உறையூரின் பெயரைக் காத்தது. ஆற்றுப்படைகள் கொடுத்த மன்னரின் பெயரைக் காத்தன. நூற்றவள் பெயர் எதனிலும் இல்லை. ஆயினும், அவள் விளக்கும் அவள் பனுவலும் பாட்டில் உள்ளன. துகிலின் வரலாற்றை எழுதப் புகுவார் வாணிகத்தினின்று தொடங்காது அச்சிறு விளக்கினின்று தொடங்குவாராயின், இதுகாறும் உவமையாகவே படிக்கப்பெற்ற இடங்கள் பல வரலாற்றுச் சான்றுகளாய் விளங்கும்.