வயிற்றை ஆற்றியது ஊசியா, நேரமா? – அக்குபஞ்சர் ஆராய்ச்சியின் கதை

1971 ஜூலை. அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் தூதரக உறவு இல்லாத காலம். பெய்ஜிங் போயிருந்த நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குத் திடீரென்று வயிற்றுவலி. குடல்வால் அழற்சி! 'ஏகாதிபத்திய எதிர்ப்பு மருத்துவமனை' என்ற இடத்தில் சேர்த்து ஜூலை 17-ல் குடல்வாலை அகற்றினார்கள். (அதைக் கட்டிக்கொடுத்ததே அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை என்பதுதான் வேடிக்கை!)

இந்த ஆபரேஷனே மயக்க மருந்து இல்லாமல், அக்குபஞ்சர் ஊசி குத்தி நடந்தது என்று இன்றும் பலர் சொல்வதுண்டு. அது தவறு. மரத்துப்போக வழக்கமான ஊசி மருந்துதான் போட்டார்கள். அக்குபஞ்சர் வந்தது பிறகு. இரண்டாம் நாள் இரவு வாயு சேர்ந்து வயிறு உப்பியது. ரெஸ்டனின் சம்மதத்தோடு அக்குபஞ்சர் மருத்துவர் ஒருவர் வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழேயும் மூன்று மெல்லிய ஊசிகளைச் செருகித் திருகினார். மூலிகையைக் கொளுத்தி வயிற்றருகே சூடு காட்டினார். ஒரு மணி நேரத்துக்குள் உப்புசம் தணிந்தது. ஜூலை 26-ல் ரெஸ்டனின் கட்டுரை வெளியானதும் அமெரிக்கா முழுக்க அக்குபஞ்சர் பற்றியே பேச்சு!

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு குடல் ஓரிரு நாள் அசையாமல் கிடந்து, பின் தானாகவே வேலை செய்யத் தொடங்கும். அப்படியானால் வாயுவை விரட்டியது ஊசியா, நேரமா? ஒரே ஒருவரின் அனுபவத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது.

சோதித்துப் பார்ப்பதும் சுலபமில்லை. மாத்திரை என்றால் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். ஊசிக்கு என்ன செய்வது? 1998-ல் ஜெர்மனியில் ஒரு போலி ஊசி உருவானது. நாடகக் கத்தி மாதிரி, அழுத்தினால் உறைக்குள் போய்விடும், தோலைத் துளைக்காது. நோயாளிக்கோ குத்திய மாதிரியே இருக்கும்.

2008-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட போலி ஊசியை மட்டுமே வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எரிச்சல் குடல் நோயுள்ள 262 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். வெறுமனே காத்திருந்தவர்களில் 28 சதவீதம் பேர் மூன்று வாரத்தில் நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னார்கள். போலி ஊசி போட்டவர்களில் 44 சதவீதம். போலி ஊசியோடு மருத்துவர் அன்பாகவும் அக்கறையாகவும் பேசிய குழுவில் 62 சதவீதம்! 2012-ல் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. இந்த நோய்க்கு நிஜ ஊசி போலி ஊசியை முந்தவில்லை என்றே முடிவு வந்தது.

அத்தோடு கதை முடிந்ததா? இல்லை. 2013-ல் ஹாங்காங்கில் ரெஸ்டனின் நிலைமைக்கு நெருக்கமான ஆய்வு ஒன்று வெளியானது. பெருங்குடல் புற்றுநோய்க்குத் துளைவழி ஆபரேஷன் செய்துகொண்ட 165 பேரில், மின்சாரம் செலுத்திய ஊசி போட்டவர்களுக்குச் சராசரியாக 86 மணி நேரத்தில் மலம் கழிந்தது. ஊசியே போடாதவர்களுக்கு 122 மணி நேரம். போலி ஊசிக் குழு இடையில் நின்றது.

2016-ல் சீனாவில் 15 மருத்துவமனைகளில் கடும் மலச்சிக்கல் உள்ள 1075 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. எட்டு வாரத்தில் 28 முறை சிகிச்சை. வாரத்துக்கு மூன்று முறையாவது தாமாகவே முழுமையாக மலம் கழித்தவர்கள் நிஜ ஊசிக் குழுவில் 31.3 சதவீதம், போலி ஊசிக் குழுவில் 12.1 சதவீதம். வித்தியாசம் நிஜம்தான். ஆனால் நிஜ ஊசி போட்டும் நூற்றில் 68 பேருக்கு மேல் அந்த அளவை எட்டவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆக, 'அக்குபஞ்சர் வயிற்றுக்கு நல்லதா?' என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்த வயிற்று நோய், எந்த ஊசி, எதோடு ஒப்பிட்டது என்று பிரித்துத்தான் கேட்க வேண்டும். போலி ஊசியில் நிவாரணம் கண்டவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் வலி உண்மையிலேயே குறைந்திருக்கலாம். ஆனால் வலி குறைவது வேறு, நோய் தீர்வது வேறு. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது போன்ற அறிகுறிகளோடு இருப்பவர் 'உப்புசம் தணிந்துவிட்டதே' என்று பரிசோதனையைத் தள்ளிப்போட்டால், இழப்பது பொன்னான நேரத்தை.

ரெஸ்டனும் குடல்வாலைக் கத்தியிடம்தான் கொடுத்தார். ஊசியிடம் கொடுத்தது வாயுவை மட்டுமே!