பங்க்: விக்டோரியா பூங்காவும் சீயோன் தேவாலயமும்

பங்க் இசை பிறந்தபோதே சமத்துவத்தின் பக்கம் நின்றது என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் 1976இல் லண்டன் பங்க் இளைஞர்கள் சிலர், பார்ப்பவர் அதிர வேண்டும் என்பதற்காகவே நாஜி ஸ்வஸ்திகாவை அணிந்து திரிந்தார்கள். அந்த இசையைச் சமத்துவத்தின் பக்கம் திருப்ப வெளியிலிருந்து ஆட்கள் உழைக்க வேண்டியிருந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் ராக் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் பர்மிங்காம் மேடையில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசினார். அதைக் கண்டித்து புகைப்படக் கலைஞர் ரெட் சாண்டர்ஸும் நண்பர்களும் இசை இதழ்களுக்கு எழுதிய கடிதத்திலிருந்து ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ இயக்கம் பிறந்தது. அவர்களின் சாதனை மேடையை அமைத்த விதத்தில் இருக்கிறது. பங்க் குழுக்களையும் கறுப்பின ரெக்கே குழுக்களையும் ஒரே மேடையில் ஏற்றினார்கள். 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பூங்காவில் பங்க் குழுவான ‘தி கிளாஷ்’ வாசித்த மேடையில் ரெக்கே குழுவான ‘ஸ்டீல் பல்ஸ்’ஸும் வாசித்தது. சோமாலியத் தந்தைக்குப் பிறந்த பங்க் பாடகி பாலி ஸ்டைரீனும் அங்கே பாடினார்.

நான்கே நாளில், மே 4 அன்று, கிழக்கு லண்டனில் அல்தாப் அலி என்ற வங்காளத் தொழிலாளி குத்திக் கொல்லப்பட்டார். பாட்டு கத்தியைத் தடுக்கவில்லை. அவருடைய சவப்பெட்டியின் பின்னால் ஆயிரக்கணக்கானோர் பிரதமர் இல்லம்வரை நடந்தார்கள். 1979 பொதுத்தேர்தலில் இனவெறிக் கட்சியான நேஷனல் ஃபிரண்ட் சரிந்ததற்கு இசையை மட்டும் காரணம் காட்ட முடியாது. அதன் வாக்குகளில் ஒரு பகுதியைத் கன்சர்வேட்டிவ் தலைவர் தாட்சரின் குடியேற்ற எதிர்ப்புப் பேச்சும் இழுத்துக்கொண்டது.

கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு பெர்லினில் நிலைமை வேறாக இருந்தது. அரசு உரிமம் இல்லாமல் மேடையேறவே முடியாது. தலைமுடியைப் பார்த்தே போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். அரசைச் சாடிப் பாடிய ‘நாமென்லோஸ்’ குழுவினர் 1983இல் கைதாகிச் சிறை சென்றார்கள். மிச்சமிருந்த ஒரே புகலிடம் புராட்டஸ்டன்ட் தேவாலயங்கள். லண்டன் இளைஞர்கள் அரசியலைத் தேடிப் போனார்கள். இங்கே அரசே அதை இளைஞர்கள் தலையில் ஏற்றியது. துணிவை அளவுகோலாகக் கொண்டால் நான் இவர்களையே முதலில் வைப்பேன்.

1987 அக்டோபர் 17 அன்று சீயோன் தேவாலயத்தில் நடந்த கச்சேரியை நாஜி முழக்கத்தோடு மொட்டைத்தலையர் (ஸ்கின்ஹெட்) கும்பல் தாக்கியது. வெளியே நின்ற போலீஸ் தடுக்கவில்லை. பாசிசத்தை வேரோடு அழித்துவிட்டதாக முழங்கிய அரசு, தன் பிள்ளைகளையே அந்தக் குற்றத்துக்காகக் கூண்டில் ஏற்ற நேர்ந்தது. முதலில் தந்த தண்டனை போதாது என்று கண்டனம் எழவே, பிறகு அதைக் கூட்டினார்கள்.

ஆனால் கிழக்கு பெர்லின் கதையில் ஒரு பெரும் குறை உண்டு. மொசாம்பிக், வியட்நாம் நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த தொழிலாளர்களை அரசு தனி விடுதிகளில் ஒதுக்கி வைத்திருந்தது. லண்டனில் ‘ஸ்டீல் பல்ஸ்’ பெற்ற இடத்தை அவர்களுக்குத் தரும் இயக்கம் அங்கே உருவாகவில்லை. பங்க் இளைஞர்களே துரத்தப்பட்ட நாட்டில் அதை எதிர்பார்ப்பது கடினம்தான். என்றாலும் 1991 செப்டம்பரில் முன்னாள் கிழக்கு ஜெர்மன் நகரான ஹோயர்ஸ்வெர்டாவில் ஒரு கும்பல் அத்தகைய விடுதி ஒன்றைத் தாக்கியபோது, அக்கம்பக்கத்தார் பலர் கைதட்டினார்கள். அதிகாரிகள் தொழிலாளர்களைப் பேருந்தில் ஏற்றி ஊரைவிட்டே அனுப்பினார்கள்.