இடுப்பில் தம்பியோடு வந்த சிறுமி

எங்கள் பக்கத்தில் அங்கன்வாடியை இன்றும் ‘பால்வாடி’ என்றுதான் சொல்வோம். பால் ஊற்றும் இடம் என்று பலரும் பொருள் சொல்வார்கள். இந்தியிலும் மராத்தியிலும் ‘பால்’ என்றால் குழந்தை. ‘அங்கன்’ என்றால் முற்றம். யாருடைய முற்றம் என்று தேடிப் படித்தபோது எனக்குக் கிடைத்தது இரண்டு பெண்களின் வரலாறும், பெயர் பதிவாகாத பல சிறுமிகளின் வரலாறும்.

தாராபாய் மோடக் கணவரைப் பிரிந்து மகளைத் தனியாக வளர்த்தவர். அனுதாய் வாக் சிறுவயதிலேயே மணம் முடிக்கப்பட்டு விதவையானவர். குடும்ப அமைப்பு ஒதுக்கிவைத்த இந்த இருவரும் 1945இல், இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள போர்டி என்ற கடலோர ஊரில் குழந்தைகள் பள்ளி தொடங்கினார்கள். தலித் குடியிருப்புகளிலிருந்தும் ஆதிவாசிக் குடியிருப்புகளிலிருந்தும் குழந்தைகள் எளிதில் வரவில்லை. அப்படியானால் பள்ளி அங்கே போகட்டும் என்று முடிவெடுத்தார்கள். குடியிருப்பின் முற்றத்திலேயே பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலைவாரி, நகம் வெட்டி, பாட்டும் விளையாட்டும் சொல்லித் தந்தார்கள். அதுதான் அங்கன்வாடி. 1950களில் பணி கோஸ்பாட் குன்றுப் பகுதிக்கு, வார்லி ஆதிவாசி மக்களிடையே நகர்ந்தது.

அங்கே அவர்கள் ஒன்றைக் கண்டார்கள். தாயும் தந்தையும் கூலிக்குப் போய்விட, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது மூத்த பெண்பிள்ளையின் வேலை. தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டுதான் அவளால் பள்ளிக்கு வர முடியும். ‘குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வா’ என்று சொன்னால், அவளையும் வராதே என்று சொல்வதாகிவிடும். எனவே குழந்தைக் காப்பகம், மழலையர் பள்ளி, தொடக்கப்பள்ளி மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்தார்கள். அதற்கு ‘விகாஸ்வாடி’ என்று பெயர். குழந்தையின் நலம் என்பது அதைச் சுமக்கும் பெண்ணின் நேரத்தோடும் படிப்போடும் பிணைந்தது என்ற புரிதல் அதற்குள் இருந்தது.

1975 அக்டோபர் 2 அன்று இந்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியது. மையங்களுக்கு அங்கன்வாடி என்றே பெயர் வைத்தது. துணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவமனைக்குப் பரிந்துரை, முன்பருவக் கல்வி, தாய்மார்களுக்கு ஊட்டச்சத்துக் கல்வி என ஆறு பணிகள். ஆறும் தேவையானவை. ஆனால் காப்பகம் அந்தப் பட்டியலில் இல்லை. கர்ப்பிணியாகவும் பாலூட்டுபவளாகவும் அறிவுரை கேட்க வேண்டியவளாகவும் தாய் இருக்கிறாள். காலையில் களையெடுக்கப் போகிறவளாக இல்லை.

இது உடல்நலம் சார்ந்த விடுபடலும்கூட. சின்னக் குழந்தையின் வயிறு சிறியது. ஒன்பது மாதத்துக்கு மேல் தாய்ப்பாலோடு நாளுக்கு மூன்று நான்கு முறை கெட்டியான உணவு ஊட்ட வேண்டும். இரண்டு வயது வரையான காலத்தில் தடைபட்ட வளர்ச்சியைப் பின்னால் ஈடுகட்டுவது கடினம். மாவுப் பொட்டலம் வீட்டுக்கு வந்துவிடும். அதைக் காய்ச்சிப் பொறுமையாக ஊட்டப் பகலில் யார் இருக்கிறார்கள்? முன்பருவக் கல்விக்காக உழைத்த மீனா சுவாமிநாதன், உழைக்கும் பெண்களின் குழந்தைக் காப்பகங்கள் பற்றி 1985இல் எழுதிய நூலுக்கு ‘யார் கவனிக்கிறார்கள்?’ என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார்.

தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், ஊர்ப்புறங்களில் பள்ளி மாணவர்களோடு 2 முதல் 5 வயதுவரையுள்ள குழந்தைகளுக்கும் சோறு போட்டது. விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் வேலையில் முன்னுரிமை கிடைத்தது. வெளியே வர முடியாமலிருந்த பல பெண்கள் மாதச் சம்பளம் கண்டது அப்போதுதான். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இந்த வரலாறு சொல்லப்படும்போதெல்லாம் தலைவரின் கருணை முன்னால் வருகிறது. விறகடுப்பின் முன் நின்றவர்கள் கண்ணில் படுவதில்லை.

‘மதிப்பூதியம்’ என்ற சொல்லிலும் இதே பார்வை இருக்கிறது. குழந்தையைக் கவனிப்பது பெண்ணின் இயல்பு, அதற்குக் கொடுப்பது கூலி அல்ல என்பதே அதன் பொருள். அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்ல என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018இல் மத்திய அரசு மதிப்பூதியத்தை உயர்த்தியபோது பணியாளருக்கு மாதம் 4500 ரூபாய், உதவியாளருக்கு 2250 ரூபாய் என்றானது. மாநிலங்கள் தம் பங்காகச் சேர்ப்பது இதற்கு மேல். 2022 ஏப்ரலில்தான் இவர்களுக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திட்டம் தொடங்கி அப்போது 46 ஆண்டுகள் கடந்திருந்தன.

குழந்தைகளின் எடைக் கணக்கைப் படிக்கும் மாணவிகளிடம் நான் ஒன்று சொல்வதுண்டு. எடை குறைந்த குழந்தையைக் கண்டால் தாய்க்கு விழிப்புணர்வு இல்லை என்று எழுதுவது சுலபம். அதற்கு முன் அவள் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறாள், மையம் எத்தனை மணிக்கு மூடுகிறது, இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் குழந்தை யார் இடுப்பில் இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். கோஸ்பாட்டில் அந்த இரண்டு பெண்கள் முதலில் கேட்ட கேள்வி அதுதான்.