கைப்பணித் தொகுப்பும் கொத்மலை நாடும்



கைப்பணியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் அழகைப் பற்றியே பேசுவர். பாயின் பின்னல், பானையின் வளைவு, தூணின் செதுக்கல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆயின், அவ்வழகைச் செய்யும் வகை எங்கே இருக்கின்றது என்று வினவினால், விடை ஒன்றே: அது செய்பவருடைய கையில் இருக்கின்றது. கை ஓய்ந்தால் வகையும் ஓய்ந்துவிடும். கை ஓயுமுன் அவ்வகையைப் படமாகவும் எழுத்தாகவும் திரட்டி, வேண்டும்பொழுது எடுத்தாளும்படி ஒழுங்கு செய்து வைப்பதையே கைப்பணித் தொகுப்பு என்கிறோம். முன்னாளில் இதற்கு ஏடும் பெட்டியும் வேண்டியிருந்தன. இந்நாளில் கைத்தொலைபேசியும் இணையமும் போதும். கருவி மாறினும் தொழில் ஒன்றே. அத்தொழில் இலங்கையின் மலைநாட்டில், சிறப்பாகக் கொத்மலையிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் எவ்வாறு நடந்தது, யாருடைய கைப்பணி தொகுக்கப்பட்டது, யாருடையது விடுபட்டது என்பதை இன்று சிறிது நோக்குவோம்.

மலைநாட்டுக் கைப்பணியை முறையாகத் தொகுத்தவர்களுள் தலைசிறந்தவர் ஆனந்த குமாரசுவாமி. சர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தராக 1877ஆம் ஆண்டில் கொழும்பிற் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்த இவர், முதலிற் பயின்றது கலையன்று, நிலவியலும் தாவரவியலுமே. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். கனிப்பொருளைத் தேடி மலையும் காடும் திரிந்த அவர், கண்டி நாட்டின் கொல்லரையும் தச்சரையும் நெசவாளரையும் ஓவியரையும் கண்டார். அவர்தம் தொழில் அருகிவருவதையும் கண்டார். அவர் துணைவியார் எதெல், கண்டவற்றைப் புகைப்படமாக எடுத்து உதவினார். இவ்வாறு திரண்ட செய்திகள் 1908ஆம் ஆண்டில் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலாக வெளிவந்தன. இங்கிலாந்துக் கலைஞர் வில்லியம் மொரிஸ் தம் நூல்களை அச்சிட்ட அதே அச்சுப்பொறியில், 425 பிரதிகள் மட்டுமே அச்சிடப்பட்டன.

அந்நூலின் அமைப்பை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். மரவேலை, கல்வேலை, தந்தவேலை, உலோகவேலை, மட்கல வேலை, நெசவு, தையல், பாய்ப் பின்னல் என, பொருளும் தொழிலும் பற்றிப் பகுத்துக்கொண்டார் ஆசிரியர். அதனால் மரவேலையைத் தேடுபவர் மரவேலைக்கே நேராகச் செல்லலாம். அதனுடன் அவர் நின்றுவிடவில்லை. கைவினைஞர் எக்குலத்தினர், அரசனுக்கும் கோயிலுக்கும் செய்த பணிக்கு ஈடாக எவ்வாறு நிலம் பெற்று வாழ்ந்தனர் என்பதையும் எழுதினார். பொருளை மட்டும் காட்டாது, பொருளைச் செய்தவருடைய வாழ்வையும் காட்டியமையே அத்தொகுப்பின் பெருமை. நிலவியல் அறிஞர் ஒரு கல்லை எடுத்தால், எவ்விடத்தில், எப்படுகையில் எடுத்தது என்று குறிக்காமல் வைப்பதில்லை. அதே பழக்கத்தையே அவர் கலையிலும் கையாண்டார் எனலாம்.

எனினும், அந்நூலுக்கு ஓர் எல்லை உண்டு. அவர் எழுதப் புகுந்தது கண்டி அரசு காத்து வளர்த்த கலை. ஆகவே அதன் காலம் 1815இல் அவ்வரசு வீழ்வதற்கு முற்பட்டது. அவர் மலைகளில் நடந்த காலத்திலோ, அம்மலைகளின் பெரும்பகுதி தேயிலையாகிவிட்டது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867இல் தேயிலை பயிரிட்டு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் சென்றிருந்தன. அதற்கும் முன்னர், கோப்பிக் காலத்திலேயே தமிழகத்திலிருந்து வந்த மக்கள் லயங்களில் வாழ்ந்துகொண்டிருந்தனர். அவர்கள் தம் கையாற் செய்தவற்றைத் தொகுக்க அன்று எவரும் முன்வரவில்லை. தோட்டக் கணக்கேட்டில் அவர்கள் பறித்த கொழுந்தின் நிறை இருக்கும். பெற்ற கூலி இருக்கும். அவர்கள் முடைந்த கூடையின் வகை அதில் இராது.

தோட்ட மக்களுக்குக் கைப்பணி ஏது என்று சிலர் கேட்கக்கூடும். கொழுந்துக் கூடையையே எடுத்துக்கொள்வோம். தலையிலிருந்து கயிற்றால் தொங்கி முதுகிற் படியும் அக்கூடை, மலைச்சரிவில் ஏறி இறங்கும் பெண்ணின் உடலோடு ஒத்துப்போக வேண்டும். கொழுந்து நசுங்காதபடி காற்றுப் புக வேண்டும். மழையில் நனைந்தாலும் குலையாதிருக்க வேண்டும். மூங்கிலையும் பிரம்பையும் கொண்டு இத்தனையும் அமைய முடைதல் சிறு வித்தையன்று. இன்று பல தோட்டங்களில் அதனிடத்தைப் பையும் பிளாஸ்ரிக்கும் பிடித்துக்கொண்டன. பெரட்டுக்கு ஆட்களை அழைக்கவும், திருவிழாவிலும் சாவீட்டிலும் முழங்கவும் பயன்பட்ட தப்பு மற்றொன்று. மரவளையத்திலே தோலை இழுத்துக் கட்டி, தீயிற் காய்ச்சிச் சுருதி ஏற்றும் முறை, தந்தை மகனுக்குக் கைகாட்டித் தந்தது. மாசி மாதக் காமன் கூத்திலோ, ரதிக்கும் மன்மதனுக்கும் வேண்டிய ஒப்பனையும் மகுடமும் தோட்டத்தவர் தாமே செய்துகொள்வர். கூத்தின் முடிவிற் காமனை எரித்துவிடுவர். ஆகவே நட்ட காமன் கம்பம் எந்த அரும்பொருளகத்துக்கும் போவதில்லை. அடுத்த ஆண்டு நினைவிலிருந்தே மீண்டும் அமைத்தாக வேண்டும். நினைவு தவறினால் மீட்க வேறு வழியில்லை.

பாட்டுக்கு மட்டும் ஒரு தொகுப்பாளர் வாய்த்தார். கொத்மலைப் பகுதியைச் சேர்ந்த மடகொம்பரைத் தோட்டத்தில் 1914ஆம் ஆண்டிற் பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தம் மக்கள் பாடிய பாடல்களைத் திரட்டினார். 1983இல் அவை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற நூலாயின. மறு ஆண்டில் அவர் மறைந்தார். ஓராண்டு தாழ்த்திருந்தால், தம் தொகுப்பு நூலாவதை அவர் கண்டிரார். பாட்டுக்குக் கிடைத்த அப்பேறு கூடைக்கும் தப்புக்கும் அன்று கிடைக்கவில்லை.

இதற்கிடையே கொத்மலையின் நிலமே மாறியது. மகாவலியின் கிளையாகிய கொத்மலை ஓயாவின் குறுக்கே 1979இல் தொடங்கிய அணைக்கட்டு வேலை, சுவீடன் நாட்டின் உதவியுடன் 1985இல் நிறைவுற்றது. 87 மீற்றர் உயர்ந்த அவ்வணையின் பின்னே கிராமங்களும் விகாரைகளும் வயல்களும் தேயிலை நிலங்களும் நீரில் ஆழ்ந்தன. பெருங்கோடையில் நீர் வற்றும்பொழுது, கடதொர விகாரையின் இடிபாடுகள் தலைகாட்டுவதை இன்றும் மக்கள் சென்று பார்க்கின்றனர். கல் மீண்டும் வெளிப்படும். ஆனால் இடம்பெயர்ந்து சிதறிய குடிகளின் தொழில்நுணுக்கம் கோடையில் வெளிப்படுவதில்லை. ஆகவே ஓர் ஊரின் கைப்பணியைத் தொகுக்க, அவ்வூர் அழியும் காலம் வரையிற் காத்திருத்தல் ஆகாது.

அதே கொத்மலையிற்றான் தொகுப்புக் கலையின் ஒரு புதிய முறையும் பிறந்தது. மகாவலிக் குடியேற்றங்களுக்கென 1981இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், யுனெஸ்கோ, டென்மார்க்கு அரசு ஆகியவற்றின் துணையுடன் மகாவலிச் சமுதாய வானொலி தோன்றியது. அதன் கிளையாகக் கொத்மலையில் 1989இல் ஒரு நிலையம் அமைந்தது. பத்தாண்டு கழித்து, 1990களின் இறுதியில், யுனெஸ்கோவின் உதவியுடன் அந்நிலையத்துக்கு இணைய வசதி வந்தது. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் பொதுமக்கள் இணையத்தைப் பயன்படுத்த இடம் செய்யப்பட்டது. அக்காலத்தில் மலைநாட்டு வீடுகளிற் கணினி கண்டவர் மிகச் சிலரே. ஆகவே நேயர்கள் தம் வினாக்களை அஞ்சலிலும் தொலைபேசியிலும் அனுப்புவர். நிலையத்தார் இணையத்தில் விடை தேடி, ஆங்கிலத்திற் கிடைத்ததை மக்கள் மொழியில் விளக்குவர். மருத்துவச் செய்தியாயின் ஒரு மருத்துவரை அழைத்து அருகிருத்திக்கொள்வர். அடிக்கடி கேட்கப்படும் விடயங்களை மீண்டும் எடுத்தாளும்படி தொகுத்து வைக்கவும் முயன்றனர். இம்முறை பின்னர் பிற நாடுகளிலும் கைக்கொள்ளப்பட்டது.

குமாரசுவாமியின் தொகுப்பு அறிஞர் கண்டதிலிருந்து தொடங்கியது. கொத்மலை வானொலியின் தொகுப்போ கேட்பவருடைய தேவையிலிருந்து தொடங்கியது. முன்னது ஒழுங்கிற் சிறந்தது. பின்னது பயனிற் சிறந்தது. ஆயின் பின்னதற்கும் குறை உண்டு. ஒலிபரப்புப் பெரும்பாலும் சிங்களத்தில் அமைந்தமையால், தோட்டத் தமிழருக்கு அந்த வாயில் பாதியே திறந்திருந்தது. தொகுப்பு எம்மொழியில் உள்ளதோ, அம்மொழியாரே அதற்கு உரியவராகின்றனர் என்னும் உண்மையைக் கொத்மலை நமக்குக் காட்டியது.

விடுபட்டதைச் சேர்க்கும் முயற்சிகள் இந்நூற்றாண்டில் எழுந்துள்ளன. கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில், கண்டிச் சமூக அபிவிருத்தி நிறுவகத்தார் 2007இல் தோட்டத் தொழிலாளர் அரும்பொருளகம் ஒன்றை நிறுவினர். லயமொன்றே அரும்பொருளகமாயிற்று. மக்கள் பயன்படுத்திய கருவிகளும் வீட்டுப் பொருள்களும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. 2005இல் தோன்றிய நூலகம் என்னும் இணைய முயற்சி, இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எவரும் இலவசமாகப் படிக்குமாறு வைத்துள்ளது. ஆவணகம் என்னும் அதன் மற்றொரு பகுதியிற் படங்களும் ஒலிப்பதிவுகளும் இடம்பெறுகின்றன. ஆயினும் பொது நிறுவனங்கள் எல்லா லயங்களுக்கும் வந்து சேர்தல் அரிது. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் தம் அளவில் ஒரு சிறு தொகுப்பைப் பேணுதலே இக்குறைக்கு நேரிய மருந்து.

இன்று தையலிலும் பின்னலிலும் விருப்பமுள்ள இளம்பெண்கள் பலர் இணையத்திற் கண்ட அழகிய மாதிரிகளைத் தம் கைத்தொலைபேசியிற் சேமித்து வைக்கின்றனர். நன்று. ஆனால் ஆயிரம் படம் சேர்ந்த பின், வேண்டிய ஒன்றைத் தேடி எடுக்க முடிவதில்லை; எடுத்தாலும் அது யார் செய்தது, எதனாற் செய்தது என்பது தெரிவதில்லை. குவியல் வேறு, தொகுப்பு வேறு. குவியலைத் தொகுப்பாக்கும் வழியை நாம் மேலே கண்ட வரலாறே கற்பிக்கின்றது.

முதலாவது, குமாரசுவாமியைப் போல் மூலப்பொருளைக் கொண்டு பகுத்தல். மூங்கில், துணி, தோல், காகிதம், மண் என நான்கைந்து பிரிவு போதும். பிரிவு மிகுந்தால் எதில் வைத்தோம் என்பதே மறந்துவிடும். இரண்டாவது, கொத்மலை வானொலியைப் போல் வினாவைக் குறித்தல். ‘கிழிந்த கூடையைச் செப்பனிடுவது எப்படி?’ என்று ஒரு வரி எழுதி வைத்தால், நாளை அதே வினாவுடன் வருபவருக்கு விடை எளிதிற் கிட்டும். மூன்றாவது, ஒவ்வொரு படத்தின் கீழும் பொருளின் ஊர்ப்பெயர், செய்தவர் இசைந்தால் அவர் பெயர், இடம், ஆண்டு, செய்முறை ஆகியவற்றைத் தமிழில் எழுதுதல். ‘கொழுந்துக் கூடை, மூங்கில், பூண்டுலோயா’ என்று கோப்புக்குப் பெயரிட்டால் தேடுவது எளிது. முழுமை பெற்ற கூடையின் ஒரு படத்தைக் காட்டிலும், அடி தொடங்கி விளிம்பு கட்டும் வரை படிப்படியாக எடுத்த பத்துப் படம் மேலானது. நான்காவது, பிறர் தளத்திலிருந்து எடுத்த மாதிரியை வேறாக வைத்து, எடுத்த இடத்தைக் குறித்தல். இஃது அறமும் ஆகும்.

ஐந்தாவதாக ஓர் எச்சரிக்கை. இணையத்தில் வைத்தது என்றும் அழியாது என்று எண்ணற்க. 1994இல் தோன்றி, தனிமனிதர் பலர் தம் பக்கங்களை இலவசமாக அமைக்க இடமளித்த ஜியோசிற்றீஸ் என்னும் தளம் 2009இல் மூடப்பட்டது. பிறர் முயன்று காத்த பகுதி போக, மற்றவை மறைந்தன. அணைக்கட்டு நீரில் ஊர் ஆழ்வதற்கு இதனை ஒப்பிடலாம். ஆகவே ஒரு படி இணையத்திலும், ஒரு படி வீட்டிலும், இன்றியமையாதவற்றின் ஒரு படி எழுதிய நோட்டுப் புத்தகத்திலும் இருத்தல் வேண்டும்.

தேயிலைக் கொழுந்தின் நிறையைத் தோட்டம் எழுதி வைத்தது. ஏனெனில் அது தோட்டத்துக்கு வேண்டியிருந்தது. கூடை முடைந்த கையின் அறிவு நமக்கு வேண்டுமாயின், அதனை நாமே எழுதி வைத்தல் வேண்டும். கூடை முடையத் தெரிந்த முதியோர் இன்னும் சில லயங்களில் இருக்கின்றனர். அவர்களிடம் சென்று, அருகிலிருந்து, கேட்டு, படம்பிடித்து, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே குறித்து வைப்பது இந்தத் தலைமுறையின் கடன். அவ்வாறு வைத்த தொகுப்பைப் பார்த்து ஒரு சிறுமி மீண்டும் ஒரு கூடை முடைவாளாயின், தொகுப்பின் பயன் நிறைவேறியதாகும்.